செத்த கப்டன் தேத்தண்ணி குடித்த பாகம்

2008 மாசி 9, சனிக்கிழமை

பின்னேரம் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் வழக்கமான சண்டைதான். வருடக்கணக்காக ஓடும் அந்த விண்வெளித் தொடரில் ஆகக் கேவலமான பாகம் எது? பேசும் பூனை வந்த பாகம் என்றான் சுதன். கல்யாணப் பாகம் என்றேன் நான். குமார் சிரித்தான். அவன் இந்த மாதம்தான் எங்களோடு சேர்ந்தவன். ஊர் பனிச்சங்கேணி, தொடர் முழுவதையும் கொழும்பில் டீவியில் பார்த்தேன் என்கிறான்.

“அதெல்லாம் பரவாயில்லடா. முதல் காட்சியில கப்டன் செத்துப்போறான், கடைசிக் காட்சியில குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கான். அதுதான் ஆகக் குப்பை.”

“அப்பிடியும் ஒரு பாகம் இருக்கா மச்சான்?” என்றான் சுதன்.

டீவியில் அப்படி ஒன்று வரவே இல்லை. சுனாமியில் என் கூட்டாளி ரமணனின் சீடிகள் எல்லாம் போனபிறகு, நான்தான் அவனுக்குப் புதிதாகப் பதிந்து கொடுத்தேன். அவசரத்தில் இரண்டு பாகங்களின் பாதிகளை ஒன்றாக ஒட்டிவிட்டேன். என்னைக் கிண்டல் பண்ணவென்றே ரமணன் அந்தச் சீடியைப் பையில் கொண்டு திரிந்தான். வேறு பிரதி கிடையாது. போன ஐப்பசியில் வேனில் வந்தவர்கள் ரமணனைக் கடத்திக்கொண்டுபோனபோது பையையும் எடுத்துக்கொண்டுதான் போனார்கள்.

நான் ஒன்றையும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்து, “ஓம், அது படு குப்பைதான்” என்று சொல்லிவிட்டேன்.

குமார் சிரிப்பை நிறுத்தினான்.

“நீ எங்கடா பாத்த?”

“டீவியில” என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அவன் தலையாட்டினான். பிறகு, என் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டான்.