மிண்டாத மூன்று நாள்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். துணி ஒன்றும் காயவில்லை. பள்ளிக்கூட ஆபீஸில் அட்மிஷன் கூட்டம், டி.சி. எழுதி எழுதிக் கை வலி.

அவர் பீடியை விட்டு முதல் நாள். போன வாரம் ஆஸ்பத்திரியில் குழாய்க்குள் ஊதச் சொன்னார்கள். பாதி ஊதுமுன் இருமல். டாக்டர்: "போன மூச்சு போனதுதான். இப்போ விட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம்." பிறகு கவுன்சலிங் அறை. அங்கே லிஜி சிஸ்டர். எங்கள் மகளைவிட இளையவள். பத்து நிமிஷம் பேசினாள். இவர் வெளியே வந்து, "செவ்வாய்க்கிழமையிலேருந்து நிறுத்துகேன்" என்றார்.

இருபத்தாறு வருஷம் நான் சொன்னேன். அழுதேன், உபவாசம் இருந்தேன், பீடிக் கட்டை அடுப்பில் போட்டேன். மிண்டாமலும் இருந்து பார்த்தேன். ஒருமுறை பதினொரு நாள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குப் பத்து நிமிஷம்.

சந்தோஷப்பட வேண்டும். ஜெபம் செய்தேன். வயிறு எரிகிறது.

ஜூன் 4, புதன்

மழை இல்லை. கேஸ் புக் பண்ண வேண்டும்.

லி. போட்ட சட்டங்கள் (வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்):
– ஆசை வந்தால் ஐந்து நிமிஷம் தள்ளிப்போடு. தானே தணியும்.
– தண்ணீர், மடக்கு மடக்காக.
– நிகோடின் சூயிங்கம் (இவருக்கு அது மிட்டாய்). சும்மா மென்றுகொண்டே இருக்கக் கூடாது. சுள்ளென்றதும் கன்னத்தில் ஒதுக்கு.
– அதற்குக் கால் மணி முன்னாலும், அது வாயில் இருக்கும்போதும் சாயா கூடாது.
– ஆசை வரும்போதெல்லாம் நோட்டில் எழுது: நேரம், அப்போது என்ன நடந்தது, பத்துக்கு எவ்வளவு.

காலையில் சாயா கொண்டு போனேன். கன்னம் உப்பியிருந்தது. அங்கே வை என்று கையைக் காட்டினார். ஆடை படிந்து ஆறிப்போயிற்று. என் சாயா காத்திருக்க வேண்டுமாம்!

ஜூன் 6, வெள்ளி

அவருக்குத் தூக்கமில்லை. தோசை முறுகிவிட்டதென்று காலையிலேயே பெகளம். வடசேரியில் தன் கடைக்குப் போய், வாழைக்குலை இறக்க வந்தவர்களையும் ஏசினாராம். மதியம் சாப்பிட வந்தபோது லி.யின் போன். உடனே குரலில் தேன். "இல்ல மக்களே, தொடல்ல. கைதான் சும்மா இருக்க மாட்டேங்கு."

எனக்கு ஏச்சு, அவளுக்கு, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, 'மக்களே'.

பொறாமைதான். எழுதிவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில், மகள் வயசுப் பிள்ளைமேல். சீ. அவள் நல்ல பிள்ளையாகவும் இருந்து தொலைக்கிறாள், அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து சர்ச் முற்றம். பக்கத்து வீட்டுத் தங்கம் அக்கா அவரிடம்: "கிரேசுக்க ஜெபத்த ஆண்டவர் கேட்டுட்டாரு, பாத்தியளா!" எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இவர்: "ஜெபம் கெடக்கட்டும்க்கா. லிஜி சிஸ்டருக்க மிட்டாயாக்கும் கேட்டது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

வீட்டில் மீன்கறி வைத்தேன், விளம்பினேன், வாய் திறக்கவில்லை. "எட்டி, என்னட்டி?" மிண்டவில்லை. அவளிடமே பேசிக்கொள்ளட்டும்.

ஜூன் 9, திங்கள்

சாயங்காலம் கேஸ் வந்தது. உள்ளே வைக்க அவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடவில்லை, நானே உருட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் மூன்று தரம் அடுக்களை வாசல் வரை வந்து நின்றார். தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 10, செவ்வாய்

லீவு. இடுப்பு. பலத்த மழை.

அவர் சட்டையை நனைக்குமுன் பையில் கை விட்டேன். அந்த நோட்டு. பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன்.

3, காலை 6. எழும்பினதும். 7
4, மத்தியானம். சோறு தின்னு கழிஞ்சு. 8
6, கடை. லோடு வந்தப்போ. 6
8, மத்தியானம். கிரேஸ் மிண்டல்ல. 9
8, சாயங்காலம். கிரேஸ் மிண்டல்ல. 10
9, காலை. கிரேஸ் மிண்டல்ல. 10
9, சாயங்காலம். மேலே உள்ளதுதான். 10

முதல் பக்கத்தில் லி.யின் அழகான கையெழுத்து: 'வாழ்க்கையில் அதிகமாகப் பீடி வலித்தது எப்போது?' கீழே அவருடைய கோழிக்கிறுக்கல்: 'கிரேஸ் பதினொரு நாள் மிண்டாம இருந்தப்போ. நாளுக்கு மூணு கட்டு.'

சோப்புத் தண்ணீர் வாளி முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தண்டிக்கிறேன் என்று நினைத்து வருஷக்கணக்காக நானே தீப்பெட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இந்த மூன்று நாளும் அதேதான். கர்த்தாவே.

நாலு மணிக்கு வந்தார். கடையை நேரத்தோடு அடைத்துவிட்டார். பின்பக்கப் படியில் போய் உட்கார்ந்தார். கையில் புதுக் கட்டு. பிரிக்கவில்லை, மேல் காகிதத்தை நகத்தால் நோண்டிக்கொண்டு.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "கேஸ் வந்தாச்சு" என்றேன்.

நகம் நின்றது. "ம், சொல்லு."

சிலிண்டர், இடுப்பு, டி.சி., ஹெச்.எம். போட்ட சத்தம், தங்கம் அக்காவின் மருமகள். வாயில் வந்ததெல்லாம். கடைசியில் அதுவும் வந்துவிட்டது: "எனக்கு அந்தப் பிள்ளையக் கண்டா பொறாமையா இருக்கு. எத்தன வருஷம் கெஞ்சினேன்! அவ ஒருக்கா சொன்னதும் கேட்டுட்டிய."

அவர் கட்டை என் மடியில் வைத்தார்.

"அவ விடுகதுக்கு வழி சொன்னா. அவ்வளவுதான். நீ மிண்டலண்ணா எனக்கு வெப்ராளமாக்கும் கிரேஸ், இருக்க முடியல்ல. ஏசணும்ணா ஏசு."

ஏசினேன். இருட்டும்வரை ஏசினேன்.