மச்சான்காத்து

ஜூன் 4

அன்பு மச்சானுக்கு,

வெட்கத்தை விட்டு ஒத்துக்கிறேன். நீங்க அர்த்தம் கேட்டிருந்தீங்களே, அந்த வார்த்தையைக் கிளப்பிவிட்டதே நான்தான். எங்க சலவைக்கூடத்துல கஞ்சி போட்ட அக்கா வேலை மாறி உங்க ஊர் விடுதிக்கு வருவாங்க, மாடியில நின்னு "இன்னைக்கு மச்சான்காத்து"ன்னு கத்துவாங்க, கீழே லாரியை நிறுத்திட்டு டீ குடிக்கிறது நீங்களாவே இருப்பீங்கன்னு யாரு கண்டா?

அர்த்தம் இதுதான். சொல்லாம கொள்ளாம வரும். வந்ததும் எல்லாத்தையும் கலைச்சுப் போடும். சத்தம் ஜாஸ்தி. சாப்பிட்டுப் போன்னா நிக்காது. இதுக்கு வேற என்ன பேரு வைக்கிறது, நீங்களே சொல்லுங்க.

நான் மூணாங்கிளாஸ், எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்குங்க. ஆறு வருஷமா ஏன் வரலைன்னு உங்க தங்கச்சி கேட்கச் சொல்லலை. நானாத்தான் கேட்கிறேன்.

உங்க மாப்பிள்ளை


ஜூன் 15

மாப்பிள்ளைக்கு,

கடைசியா வந்த அன்னைக்கு மாடிக் கதவைத் தாழ் போடாம விட்டது நான். காத்துல அது அடிச்சு என் தங்கச்சி பாப்பாவோட ரெண்டு விரல் நசுங்கினது என்னாலதான். அதை வச்சு நீங்கல்லாம் ஒரு வார்த்தை பண்ணிச் சிரிக்கிறீங்கன்னா, நான் வராம இருக்கிறதுதான் சரி. இனி எழுத வேண்டாம்.

மச்சான்


ஜூன் 22

அன்பு மச்சானுக்கு,

எழுத வேண்டாம்னு எழுதியிருந்தீங்க. என் படிப்புக்கு அது விளங்கலை, அதனால எழுதுறேன்.

வார்த்தை பிறந்தது விரல் நசுங்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. நசுங்கின பிறகு நான் அந்த வார்த்தையை எடுக்கவே இல்லை. திரும்ப ஆரம்பிச்சது கையில கட்டோட உட்கார்ந்திருந்த உங்க தங்கச்சி.

அன்னைக்கு ஆஸ்பத்திரி பெட்ஷீட் நூறு காயுது. காத்து வந்து ஒவ்வொண்ணா ஊதிப் பெருசாக்குது. மாடியே தெருவை விட்டுக் கிளம்பி மெல்ல மிதக்குற மாதிரி இருந்துச்சு. எங்க பார்த்தாலும் வெள்ளை. ஆள் தெரியாது, கால் மட்டும்தான் தெரியும். அதுக்குள்ள எங்கேயோ இருந்து அவ குரல்: "மச்சான்காத்து வந்துருச்சு!" போய்ப் பார்த்தா, ஒரு ஈர பெட்ஷீட்ல முகத்தைப் புதைச்சுக்கிட்டு நிக்கிறா. சிரிக்கிறாளா, அழுறாளான்னு நான் கேட்கலை.

அந்தக் காத்துல அரை மணியில எல்லாம் காய்ஞ்சிரும். வேலை முடிஞ்சு பொம்பளைங்க துணிக்கு அடியிலயே படுத்துக் கண்ணை மூடுவாங்க. வருஷம் பூரா அந்த நாளுக்குத்தான் காத்திருக்காங்க. அதனால நான் சொன்ன அர்த்தம் பாதிதான், மச்சான். வந்தா மனசு லேசாகும், போனா வீடு வெறிச்சுன்னு ஆகும். மீதி இது. இது அவ சொன்னது.

காத்து கிளம்பினா இப்பவும் அவதான் செங்கல் வச்சுக் கதவைத் திறந்து போடுறா. ஏன்டின்னா, "அண்ணன் வந்தா தட்டிக்கிட்டு நிக்கணுமா?"ங்கிறா. விரல் நல்லா மடங்குது. என் காதைத் திருகுறது அதே ரெண்டு விரல்தான்.

உங்க மாப்பிள்ளை


ஜூலை 1

மாப்பிள்ளை,

செங்கல் நிக்காது. இரும்புல ஒரு கொக்கி அடிச்சு வாங்கி வச்சிருக்கேன். கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு எழுதுங்க. பாப்பாகிட்ட சொல்ல வேண்டாம்.

மச்சான்


ஜூலை 19

அன்பு மச்சானுக்கு,

நல்லபடியா போய்ச் சேர்ந்திருப்பீங்க. உங்க தங்கச்சி இன்னும் என்கிட்ட பேசலை, நீங்க வர்றதை முன்னாடியே சொல்லலையாம்.

கதவைப் பார்த்துக்கிட்டே "விரலைக் காட்டு"ன்னீங்க. "இப்பத்தான் கேட்கத் தோணுச்சா?"ன்னா அவ. அப்புறம் ரெண்டு பேரும் பெட்ஷீட்டுக்குப் பின்னாடி போயிட்டீங்க. எனக்கு நாலு கால்தான் தெரிஞ்சுது. ரொம்ப நேரம் அசையலை. அன்னைக்குக் காத்தே இல்லை. ஒரு துணிகூடக் காயலை, யாரும் குறை சொல்லவும் இல்லை.

அடுத்து எப்போ வர்றீங்கன்னு கேட்டு எழுதச் சொல்லி ஒரு சீட்டு என் சட்டைப் பையில இருக்கு. அவ எழுத்துதான்.

நேத்து நாங்க கீழே சாப்பிட்டுக்கிட்டிருந்தப்போ மச்சான்காத்து வந்துச்சு. நீங்க சுவத்துல மாட்டின கொக்கி ஒரு நூல்கூட நகரலை. கதவோட கைப்பிடி அதுலயே பத்திரமா இருக்கு. கதவு எதிர்க் கட்டடத்து மாடியில இருக்கு.

உங்க மாப்பிள்ளை