காஷ் ஊரில் ஓர் அறை

ஃபெத்தியே,
ஜூன் 14, 1988

அன்புள்ள ஷெவ்கெத்துக்கு,

நான் சௌக்கியம், மூக்குத் தோல் மட்டும் வெயிலில் உரிந்துவிட்டது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இஸ்மிரில் பஸ் ஏறியதிலிருந்து, ரிட்டயரான பெரிஹான் மறுபடியும் தலைமையாசிரியை ஆகிவிட்டாள். தினமும் காலையில் எங்களை எண்ணுகிறாள். இருப்பதே தோழிகள் மூன்று பேர், அதில் ஒருத்தி அவள். நேற்று முவல்லா பொங்கிவிட்டாள்: "ஏண்டி, நாங்க என்ன அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்களா? இனிமே கையைத் தூக்கிட்டுத்தான் ஒண்ணுக்குப் போகணுமா?" சிரிப்பை அடக்க முடியாமல் தேநீரை மடியில் கொட்டிக்கொண்டேன்.

இங்கே மலை முகட்டில், பாறையைக் குடைந்து வீட்டு முகப்பு மாதிரி பழைய கல்லறைகள் இருக்கின்றன. செத்தவருக்கு அத்தனை உயரம் எதற்கு என்று தேநீர்க் கடைக்காரரைக் கேட்டேன். "கடல் தெரியட்டும்னுதான் அக்கா. உசிரோட இருக்கும்போது எங்க பார்க்க நேரம்?" என்றார். துறைமுகச் சுங்க ஆபீஸில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற உங்கள் ஞாபகம் வந்தது.

அடுத்து காஷ் ஊருக்குப் போகிறோம். அந்த ஊர்த் தபால் ஆபீஸுக்கு என் பெயர் போட்டு எழுதுங்கள், போய் வாங்கிக்கொள்கிறேன். இருபத்தைந்தாம் தேதி வீட்டில் இருப்பேன்.

உங்கள்
நெர்மின்


இஸ்மிர்,
ஜூன் 19

நெர்மினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, நீ வீணாகக் கவலைப்பட்டாய். பெண்டாட்டி ஊரில் இல்லையென்று தெருவே சோறு போடுகிறது. எதிர்வீட்டு சானியே திராட்சை இலையில் அரிசி சுருட்டிக் கொண்டுவந்தாள். கீழ்வீட்டிலிருந்து கத்தரிக்காய் வந்தது. நானும் சும்மா இல்லை. ஒவ்வொரு தட்டையும் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துக் கழுவி, அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். ஆம்பிளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மெச்சுவார்கள் என நினைத்தேன். சானியே தட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கல்லறையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய், என் சாம்பல் நிறக் கால்சட்டை எங்கே என்று எழுதவில்லை. மெத்தைக்கடியில் பார்த்தாயிற்று. இருபத்தைந்தாம் தேதி காலை பஸ்ஸா, மாலை பஸ்ஸா?

ஷெவ்கெத்


காஷ்,
ஜூன் 26

அன்புள்ள ஷெவ்கெத்துக்கு,

கால்சட்டை சலவைக் கடையில் இருக்கிறது. நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

நடந்தது இதுதான். திரும்புகிற பஸ்ஸில் வெயில் படாத பக்கத்து ஜன்னல் யாருக்கு என்று பெரிஹானுக்கும் முவல்லாவுக்கும் சண்டை. டிக்கெட் வாங்குமுன்பே ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் ஒருத்தி காலை பஸ்ஸில் போனாள், இன்னொருத்தி மாலை பஸ்ஸில் போனாள். இரண்டு பேரும், "நெர்மின், நீ என்கூட வா" என்றார்கள். யாரோடு போனாலும் மற்றவளுக்குப் பகை. அதனால் யாரோடும் போகவில்லை.

பஸ் நிலையத்தில் தனியாக நின்றபோது பயந்துதான் போனேன், மறைப்பானேன். அடுத்த நிமிஷம், இப்போது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று தோன்றியது. நடந்தேன். மெலாஹத் என்கிற விதவையின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. போன் கிடையாது. எதிரே, துருக்கி எல்லை தாண்டி ஒரு கிரேக்கத் தீவு, அவ்வளவு பக்கம். அங்கே துணி காய்வதுகூடத் தெரிகிறது. அந்த வீட்டுக்காரி நம் துணியைப் பார்த்து என்ன நினைப்பாள்?

நேற்று இத்ரீஸ் என்கிறவரின் படகில் போனேன். ஒரு பழைய ஊரே பூகம்பத்தில் கடலுக்குள் இறங்கியிருக்கிறது. தண்ணீருக்கடியில் சுவர், வாசல், படிக்கட்டு எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. ஒரு வீட்டுக்குள் மீன்கள் போய் வந்தன. இன்னும் கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

நெர்மின்


இஸ்மிர்,
ஜூலை 3

நெர்மின்,

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? முவல்லா வந்துவிட்டாள், பெரிஹானும் வந்துவிட்டாள். என் மனைவி எங்கே என்று என்னையே கேட்கிறார்கள். ஆபீஸில் ஒருவன், "என்ன ஷெவ்கெத் அண்ணே, அண்ணி கடலோட போயிட்டாங்களா?" என்று இளிக்கிறான்.

இன்னொன்று. பத்து நாளாக எந்த வீட்டிலிருந்தும் ஒரு கிண்ணம்கூட வரவில்லை. சானியே என்னைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்துகிறாள். நான் யாரை என்ன செய்தேன்? அவித்த முட்டை தின்று நாக்கு செத்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி மூடியின் சாவி எங்கே? எப்போது வருகிறாய்?

ஷெவ்கெத்


காஷ்,
ஜூலை 10

ஷெவ்கெத்,

தட்டை வெறுமையாகவா திருப்பிக் கொடுத்தீர்கள்? படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். வந்த தட்டில் ஏதாவது வைத்துத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். நாலு பழம் போதும். வெறும் தட்டு போனால், இனி அனுப்பாதே என்று முகத்திலடித்த மாதிரி. அதே தெருவில் பிறந்து வளர்ந்தவருக்கு இது தெரியாதா? முதலில் உங்கள் அம்மா வைத்தார், பிறகு நான் வைத்தேன். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தட்டுகள் எப்படிப் போய் எப்படி வருகின்றன என்று நீங்கள் பார்க்கவே இல்லை.

என் கோபம் தட்டின் மேல் இல்லை. கடலுக்கடியில் ஒரு வீட்டைப் பார்த்தேன் என்று எழுதினேன். நீங்கள் சாவியைக் கேட்கிறீர்கள். நமக்குப் பிள்ளை இல்லை. அது யார் குற்றமும் இல்லை. பேச்சும் இல்லாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை. வெளியே போய்விட்டு வந்து நான் எதையாவது சொல்ல வாயெடுத்தால், "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்பீர்கள். இங்கே இத்ரீஸ் நான் கேட்கக் கேட்கப் பதில் சொல்கிறார். அவருக்கு எழுபது வயது, சொல்வதில் பாதி பொய், நீங்கள் ஒன்றும் கற்பனை செய்ய வேண்டாம்.

காலைச் சமையலில் மெலாஹத்துக்குக் கை கொடுக்கிறேன், அறை வாடகை பாதிதான். மத்தியானம் கடலில் நீந்துகிறேன். ஓரிடத்தில் பாறைக்கடியிலிருந்து நல்ல தண்ணீர் பீறிட்டு வந்து, வெதுவெதுப்பான கடலுக்கு நடுவில் கால் சில்லிட்டுப் போகிறது. செப்டம்பர் வரைக்கும் அறையைப் பேசிவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. எப்போது வருகிறாய் என்பதைத் தவிர உங்களுக்குக் கேட்க ஒன்றுமில்லையென்றால், வர மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

சாவி சமையலறை ஜன்னல் ஆணியில் தொங்குகிறது.

நெர்மின்


இஸ்மிர்,
ஜூலை 21

அன்புள்ள நெர்மினுக்கு,

முதலில் கோபமாக ஒரு பதில் எழுதினேன். நல்லவேளை, தபால்தலை இல்லை. மறுநாள் படித்துப் பார்த்தேன். எழுதியவன் சுத்தக் கிறுக்கனாகத் தெரிந்தான். கிழித்துப் போட்டுவிட்டேன்.

இரண்டு கிலோ பிளம் வாங்கி, நம் வீட்டுத் தட்டில் குவித்து சானியேயிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அண்ணே, எங்க உப்புப் புளிப்பு உங்களுக்குப் பிடிக்கலைன்னு தெருவே உக்காந்து யோசிச்சோமே! நெர்மின் இல்லேன்னா நீங்க தெருவுல புதுசா குடிவந்தவர் மாதிரிதான்" என்றாள். அவள் சொன்னது சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை முதலிலிருந்து படித்தேன். முன்பு கால்சட்டையைத் தேடித்தான் படித்திருக்கிறேன்.

அந்த வாசற்படி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? அங்கே இருந்தவர்கள் தப்பித்தார்களா? தீவில் காயும் துணி என்ன நிறம்? கடலுக்கு நடுவில் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது? அதற்கு இத்ரீஸ் என்ன பொய் சொன்னார்? நீ நீந்துவாய் என்றே எனக்குத் தெரியாது. எப்போது கற்றாய், யாரிடம்? பயமாக இல்லையா?

கேள்விகளின் கடைசியில் ஒரு வரியைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன் பார். எப்போது வருகிறாய் என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். முழுக்கத் திரும்ப எழுதச் சோம்பல்.

நீ இல்லாமல் நன்றாக இல்லை.

ஷெவ்கெத்


காஷ்,
ஜூலை 29

அன்புள்ள ஷெவ்கெத்துக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால் ஆபீஸ் வாசலிலேயே நின்று படித்தேன். பிறகு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மெலாஹத் தட்டித் தட்டிப் பார்த்து, யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துக் காபி போட்டுக் கொண்டுவந்துவிட்டாள்.

படி ரெண்டு ஆள் ஆழம். யாரும் சாகவில்லை, ஆட்டுக்குட்டி உட்பட எல்லோரும் தப்பித்தார்கள் என்கிறார் இத்ரீஸ், ஏதோ கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி. தீவில் நேற்று மஞ்சள் போர்வை காய்ந்தது. மலையில் பெய்கிற மழை பாறைக்குள் இறங்கி இங்கே வந்து வெளிப்படுகிறதாம். இதை மெலாஹத் சொன்னாள், அதனால் நம்பலாம். நீச்சல் கற்றது இந்த ஊரில்தான், நாற்பத்தாறு வயதில். மெலாஹத் என் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து, "மூச்ச விடு தாயே, கடல் உன்னைத் தின்னுடாது" என்று கத்தினாள். பயமாகத்தான் இருந்தது.

ஆனால் நான் வரவில்லை, ஷெவ்கெத். அறை செப்டம்பர் வரை என்னுடையது, இருந்து பார்க்கப் போகிறேன். நீங்கள் லீவு போட்டுவிட்டு வாருங்கள். கூட்டிக்கொண்டு போக வராதீர்கள், இருக்க வாருங்கள். அறையில் இன்னொரு கட்டில் போட மெலாஹத்திடம் சொல்லிவிட்டேன்.

அந்த வாசலுக்கு மேலே உங்களோடு மிதக்க வேண்டும் என்று எழுத நினைத்துப் பேனாவை எடுத்தேன். கை நின்றுவிட்டது. உங்களுக்கு நீந்தத் தெரியுமா? துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர் நீங்கள். எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் நானும் கேட்டதே இல்லை.

தபாலில் எழுத வேண்டாம். நேரில் வந்து சொல்லுங்கள்.

உங்கள்
நெர்மின்