புது வண்டியும் ஆறு பேரும்

நேற்று கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி ஒன்று புத்தம் புதிதாக வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தேன். ரெக்சினும் பெயிண்டும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், மச்சான், உன்னோடு பேச வேண்டும்போல் ஆகிவிட்டது. நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. பேச முடியாததால் எழுதுகிறேன்.

அதே வாசனையோடுதான் அந்த இரண்டு பெரிய பஸ்களும் நம் கம்பெனி ஷெட்டுக்குள் வந்தன. அறுபதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். நீ டிரைவர், நான் உன் வண்டியின் கண்டக்டர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே அந்தப் பழைய வண்டியோடு நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வளைவு வந்தால் ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குச் சீட்டிலிருந்து பாதி எழுந்துகொள்வாய். ஆலப்பாக்கத்தில் வண்டி நிற்கிற நேரத்தில் வலது தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடப்பாய். கேட்டால், ஒன்றுமில்லை என்பாய்.

வண்டிகள் வந்த மறுவாரமே முதலாளி நம்மையெல்லாம் கூப்பிட்டுப் பேசினார். அவரைக் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். கடன் வாங்கித்தான் அந்த பஸ்களை இறக்கியிருந்தார். சிதம்பரம் லைனில் ஓடுகிற நாலு பழைய வண்டிகளையும் விற்றுவிடப் போவதாகவும், அந்த வேலையை இந்த இரண்டு பெரிய வண்டிகளே பார்த்துவிடும் என்றும் சொன்னார். நாம் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த சம்பள உயர்வைக் கேட்டபடியே கொடுப்பதாகவும் சொன்னார். ஆனால் டிரைவர், கண்டக்டர், கிளீனர் என்று ஆறு பேர் வேலையை விட்டுப் போக வேண்டும். அந்த ஆறு பேரில் முதல் பெயர், பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் காதர் பாய். நம் எல்லோருக்கும் மூத்த டிரைவர்.

சங்கத்துக்கு நீ செயலாளர், நான் பொருளாளர். டீக்கடைக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் கூடினோம். வேலாயுதம் எழுந்து, கொடுக்கிறதை வாங்கிக்கொள்வோம் என்றான். உனக்கு அடுத்தபடியாக நல்ல டிரைவர் அவன். புது வண்டிகளில் ஒன்று உனக்கு, இன்னொன்று அவனுக்குத்தான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த சமயம் அது. அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இன்னொரு பக்கம் சில பேர், சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத் தேரன்று ஒரு வண்டியும் ஓடக்கூடாது, அப்போதுதான் முதலாளிக்கு உறைக்கும் என்று கத்தினார்கள். நீ கடைசியில்தான் வாயைத் திறந்தாய்.

"தேர் பாக்கப் போற ஜனங்க நம்மள என்னா பண்ணாங்க? மீன் கூடைய வச்சிக்கினு நிக்கிற அம்மாங்க என்னா பண்ணாங்க? பழைய வண்டி நாலையும் ஓட்டுவோம். புதுசுல மட்டும் யாரும் கைய வைக்க வேணாம்."

தேரன்று காலை இரண்டு புது பஸ்களுக்கும் வாழைமரம் கட்டி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். மேனேஜர் சாவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டிரைவரிடமும் வந்தார். ஒருவரும் கை நீட்டவில்லை. வேலாயுதம் என்ன செய்வானோ என்று அவனையே கவனித்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றானே தவிர, சாவியைத் தொடவில்லை. அன்று முழுக்கப் பழைய வண்டிகளில் கூரைமேல்கூட ஆட்கள் உட்கார்ந்து போனார்கள். நாம் ஒவ்வொரு தடவை ஷெட்டைத் தாண்டிப் போகும்போதும் முதலாளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வெயிலில் மாலைகள் வாடிப்போயிருந்தன. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "பாவம், அவரு ஆசையா வாங்கனது" என்றாய்.

மறுநாள் காலை நம் இருவரையும் முதலாளியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். கதவருகே வைத்து, சம்பள விஷயத்தில் எதுவரைக்கும் இறங்கி வரலாம் என்று உன்னிடம் கேட்டேன். "அது அப்புறம் மச்சான். உள்ள பேசறப்ப இந்த ரூம்ல யாரு இல்லியோ அவுங்கள நெனச்சிக்க" என்றாய். உள்ளே முதலாளி, மேனேஜர், நீ, நான். அந்த ஆறு பேரில் ஒருவர்கூட இல்லை.

முதலாளி சுற்றி வளைக்கவில்லை. சாவியை எடுத்து உன் பக்கம் தள்ளினார்.

"உனுக்குத் தோள்பட்ட வலின்னு எனக்குத் தெரியும்பா. புதுசுல ஸ்டியரிங் லேசா திரும்பும். நீ ஒருத்தன் வண்டிய எடு. மத்தவன்லாம் தானா வருவான். உனுக்குத் தனியா பாத்துக்கறேன்."

நீ அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு அதை மெதுவாக அவர் பக்கமே நகர்த்தி வைத்தாய்.

"வண்டி உங்குளுது மொதலாளி. சாவி உங்க கையிலயே இருக்கட்டும். அந்த ஆறு பேரு எங்களவுங்க."

அதற்குப் பிறகுதான் நிஜமான பேச்சு தொடங்கியது. குமராட்சிப் பக்கம் பஸ் விட வேண்டும் என்று முதலாளிக்கு நெடுநாள் எண்ணம் உண்டு. பழைய வண்டிகளில் இரண்டை விற்காமல் அங்கே விடலாம், ஆறு பேருக்கும் அதிலேயே வேலை ஆகிவிடும் என்று நீ எடுத்துச் சொன்னாய். அவர் மேனேஜரிடம் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டினார். அப்படியானால் சம்பள உயர்வு பாதிதான் தர முடியும், அதற்கு மேல் தன்னால் ஆகாது என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். என் வீட்டில் அப்போது மூன்று பிள்ளைகள். தலையாட்டினேன்.

வெளியே வந்து சொன்னதும் வேலாயுதம் உன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"எங்க வயித்துல அடிச்சி அவுங்களுக்குச் சோறு போடறியா?"

"ஆமா. எனக்கும் சேத்துதான் அடிச்சிருக்கேன்" என்றாய் நீ. அவன் கையை நீ விலக்கவில்லை. அவனே விட்டான். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாய். பேசப் போனவன் தனக்கு நல்லதைப் பேசி வாங்கிக்கொண்டான் என்ற பேச்சு வரக்கூடாது. அதனால் நாம் இருவரும் புது வண்டியில் ஏறப் போவதில்லை, நம் இடத்துக்கு அந்த ஆறு பேரில் இரண்டு பேர் வரட்டும், நாம் குமராட்சி வண்டிக்கே போகிறோம் என்றாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

சிதம்பரத்திலிருந்து குமராட்சி வரைக்கும் அப்போது ரோடு என்று பெயர்தான். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறினால் சேற்றில் வண்டி இறங்கிவிடும். ஊர் ஜனங்கள் வந்து தள்ளுவார்கள். உன் தோள் நாளுக்கு நாள் மோசமானது. சிதம்பரம் ஸ்டாண்டில் சில நாள் நம் வண்டியும் வேலாயுதத்தின் புது வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒரு நாள் டீக்கடைக்காரர் உன்னிடம் ஒரு கிளாஸை நீட்டி, அவுரு கொடுக்கச் சொன்னாரு என்று வேலாயுதத்தைக் கைகாட்டினார். நீ வாங்கிக் குடித்தாய். அதற்குப் பிறகு பேச்சு வந்துவிட்டது.

காதர் பாய் தனக்கே போதும் என்று தோன்றியபோது வேலையை விட்டார். மாலை போட்டு, பரங்கிப்பேட்டை வரைக்கும் கூடவே போய் விட்டுவிட்டு வந்தோம். சில வருஷம் கழித்து அரசாங்கம் நம் கம்பெனியின் வண்டிகளை எடுத்துக்கொண்டபோது வேலையில் இருந்தவர்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. மீதி ஐந்து பேரும் அப்போது வேலையில் இருந்தார்கள். உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் அந்த ஆறு பேரின் குடும்பங்கள் எல்லாம் நின்றன. வேலாயுதம் தடியை ஊன்றிக்கொண்டு வந்து ஒரு பிடி மண் போட்டான். சங்கத்தார் உன்னைப் பற்றிப் பெரிதாகப் பேசினார்கள். பேசியது எல்லாம் உண்மைதான்.

ஆனால் அவர்களுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும். உன் கடைசி வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னை மாதா கோயிலுக்கு அழைத்துப்போக வருவேன். வலது கை மார்புக்கு மேலே எழும்பாது. ஒரு நாள் உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே, அன்றைக்கு அப்படிச் செய்ததில் வருத்தம் உண்டா என்று கேட்டுவிட்டேன். இல்லை என்று சொல்வாய் என்றுதான் நினைத்தேன்.

"இருக்கு மச்சான். இல்லன்னா பொய்யி. அந்த ஆறு பேர வுட்டுருக்கணும்னு இல்ல. அந்தப் புது வண்டிய ஒரே ஒரு தடவ சிதம்பரம் வரைக்கும் ஓட்டிப் பாத்திருக்கலாம்."

சொல்லிவிட்டு நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் மிச்சப் பொத்தான்களைப் போட்டேன். உன் பெருமையைச் சுமக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த ஆசையை நான் ஒருவன்தான் வைத்திருக்கிறேன்.