இடது கன்னத்து மேலணி

பெப். 3, செவ்வாய்
விடியப் பனி. மோட்டார்சைக்கிள் ஸ்ராட் எடுக்க ஆறு உதை. நெல்லியடி ரியூசன், உயிரியல், 41 பிள்ளைகள். பாடம் மேலணி இழையம்: உடம்பின் உள்ளும் புறமும் போர்த்தும் கலங்களின் (செல்களின்) படை. இதை என்னைப் போல் படிப்பிக்க வடமராட்சியில் ஆளில்லை. அடக்கமாக எழுத இது என்ன மேடையா?

கொடுத்த குறிப்பு:
எளிய செதின் (தட்டைக் கலம், ஒரே படை): நுரையீரல் சிற்றறை. மெல்லிசு, வாயு கடக்க.
கனவடிவம்: சிறுநீரகச் சிறுகுழாய். சுரக்க, மீள உறிஞ்ச.
கம்பம்: குடல். உணவை உறிஞ்ச.
பிசிர் உள்ளது: வாதனாளி (மூச்சுக்குழாய்). தூசியைக் கூட்டித் தள்ள.
படைகொண்ட செதின்: தோல், வாய். உரசல் தாங்க. தோலின் மேற்படையில் நகத்தின் புரதமான கெரற்றின் ஏறிக் காய்ந்திருக்கும். கன்னத்தின் உட்புறத்தில் ஏறாது, ஈரம், இளஞ்சிவப்பு.

பிறகு வழமைபோல் என் கன்னத்தையே ஐஸ்கிறீம் தடியால் சுரண்டி, சாயம் விட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்தேன். வெற்றிலையும் புகையிலைத் துண்டும் இருபது வருடமாக இடது கன்னத்தில்தான்; ஆகவே சுரண்டுவது எப்போதும் வலது. இன்று மறதியில் இடது. கலங்கள் காய்ந்த செதில்கள், பலதில் கருவே இல்லை.

முன்வரிசை வாங்குப் பிள்ளை: "சேர், உது தோல் மாதிரியெல்லோ கிடக்கு?"
சாயம் பிழை என்றேன். சாயம் சரி.

பின்னேரம் கண்ணாடி, ரோச். நகமளவு வெள்ளை. துடைத்தேன், போகவில்லை. மனைவி சாந்தி கதவடியில்: "என்னப்பா, பல்லுக் கொதியோ?" ஓம் என்றேன்.

பெப். 5, வியாழன்
எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவன் வரவில்லை. மோட்டர் நானே போட்டேன்.

வாய்க்குள் கெரற்றின் ஏறினால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தெரிந்தும் இன்று நாலு வாய் வெற்றிலை. விசரன்.

கண்ணாடி முன் வாய் திறந்து நின்றதைச் சாந்தி பிடித்துவிட்டாள். "ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் கன்னத்தைச் சுரண்டிக் காட்டுவியள். டொக்ரருக்குக் காட்ட மட்டும் வெக்கமோ?"
ஏசினேன். அவள் அழுதாள். புற்றுநோயாக இருந்தால்? பயம். எழுதிவிட்டேன், சரி.

பெப். 9, திங்கள்
பல் கிளினிக். வரிசையில் 27. டொக்ரர் என் பழைய மாணவி துவாரகா! நெஞ்சு நிமிர்ந்தது. அவளுக்கே விளக்கத் தொடங்கினேன்: கெரற்றின் ஏறாத படைகொண்ட செதின்...

"சேர், கதைச்சுக்கொண்டிருந்தா நான் எப்பிடிப் பாக்கிறது? பேசாமல் இருங்கோ."

இருந்தேன். ஊசி, கன்னத்தில் சோதனைக்குச் சின்னத் துண்டு வெட்டினாள், இரண்டு தையல். முடிவு வர இரண்டு கிழமை. வெற்றிலைப் பையை வாங்கிக் குப்பைவாளிக்குள் போட்டாள். என்ன துணிச்சல். நான் படிப்பிச்ச பிள்ளை அல்லவா.

கஞ்சி மட்டும். சாந்தி ஆற்றித் தந்தாள்.

பெப். 24, செவ்வாய்
முடிவு வந்தது. காலையில் இரண்டு தரம் சேர்ட் மாற்றினேன். சாந்தியும் கூட வந்தாள்.

துவாரகா: "புற்றுநோய் இல்லை, சேர். ஆனா சில கலங்கள் ஒழுங்கு தப்பத் தொடங்கீட்டுது. அடித்தள மென்சவ்வைத் தாண்டேல்லை. தாண்டியிருந்தா இப்ப உங்களோடை வேறை கதை கதைச்சிருப்பன்."

அடித்தள மென்சவ்வு. மேலணியைக் கீழே தாங்கும் மெல்லிய படை. ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போகிற சங்கதி. ஒருநாளும் நிறுத்திப் படிப்பித்ததில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருக்கால் காட்ட வேண்டும். வெற்றிலை இனி இல்லை. பஸ்ஸில் சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். "சனம் பாக்குது, விடுங்கோ" என்றாள். விடவில்லை.

பெப். 25, புதன்
வெயில். தலையிடி, வெற்றிலை இல்லாத கோபம். ரியூசனில் ஒருவனைக் காரணமில்லாமல் எழுப்பி நிறுத்தினேன்.

பாடம்: அடித்தள மென்சவ்வு. ஒன்றரை மணித்தியாலம். பாஸ்ற் பேப்பரில் வந்ததே இல்லை என்று பின்வரிசை வாங்கில் முணுமுணுப்பு. வராவிட்டாலும் எழுது என்றேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். வாயைத் திறந்து, ரோச் அடித்து, ஒவ்வொருவராக வந்து பார்க்கச் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அச்சுவேலியிலிருந்து வரும் பிள்ளை, வாய் திறந்து கதைக்காதவள், பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.
"சேர், எங்கடை அப்பாவுக்கும் உப்பிடி வெள்ளையா இருக்கு."