மச்சாள் தண்ணீரில் இறங்கிய நாள்

மார்ச் 8, சனி. பிரைட், மலையடிவார ஊர்

காலையில் மூட்டம், பிறகு வெயில். மெல்பேர்னில் இருந்து நாலு மணி நேர ஓட்டம். நான், என் கணவர் சுதன், சுதனின் அக்கா மலர் மச்சாள். நீண்ட வார இறுதி, சாப்பாட்டுக் கடையெல்லாம் வரிசை. புட்டும் சம்பலும் கட்டி வந்தது நல்லதாய்ப் போயிற்று.

நாளை மலைக்கு மேலே ஏரி. இரண்டு கயாக் படகு வாடகைக்கு எடுத்துக் கார்க் கூரையில் கட்டியாயிற்று. ஒன்று எனக்காம். நீந்தத் தெரியாது எனக்கு. பார்ப்போம்.

மச்சாள் கரையில்தான். யாரும் கேட்காமலே முடிவானது. அகதிப் படகில் வந்தவர். அந்தக் கடலைப் பற்றி அவர் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. கடற்கரைக்குப் போனால் அவரைக் கூப்பிடுவதும் இல்லை. பாவம் என்று.

"ஏரி எண்டாப் பரவாயில்லையே அக்கா?" சுதன் மெல்லக் கேட்டார்.

"ஓம், வாறன்."

மார்ச் 9, ஞாயிறு

பின்னேரம். நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

மேலே நல்ல குளிர். ஏரி கண்ணாடி மாதிரி. சுதன் உயிர்காப்பு அங்கியின் கொளுவியைப் பூட்டவில்லை, வயிற்றை இறுக்குதாம். நான் இறங்க மாட்டேன் என்றேன். தனியே போனார். நானும் மச்சாளும் மடக்குக் கதிரையில், தேத்தண்ணியோடு.

திடீரென்று காற்று. தண்ணீர் கறுத்தது. சுதன் கரைக்குத் திருப்ப முயன்றார், கயாக் கவிழ்ந்தது. அங்கி தலைக்கு மேலே ஏறி முகத்தை மூடியது. ஒரு சத்தமும் இல்லை. அந்தக் காட்சிதான் இன்னும் கண்ணுக்குள்.

நான் கத்தினேனா, தெரியாது. மச்சாள் கோப்பையைக் கீழே வைத்தார். எனக்கென்று கிடந்த அங்கியை மாட்டி, மற்றக் கயாக்கைத் தள்ளி, சப்பாத்தோடே ஏறினார்.

"வாசுகி, அம்புலன்ஸுக்கு ட்ரிபிள் சீரோ அடி."

சிக்னல் இல்லை. நாயோடு நின்ற ஒரு வெள்ளைக்காரர் போனோடு சிக்னல் தேடி மேட்டுக்கு ஓடினார்.

மச்சாளின் குரல் தண்ணீருக்கு மேலால் கேட்டது. வீட்டில் கேட்காத குரல். "ஏறாதை, தம்பி. ரெண்டு பேரும் கவிண்டு போவம். பின்பக்கத்தைப் பிடி. காலை அடி. என்னைப் பார்."

இழுத்துக்கொண்டே வந்தார். சுதனின் உதடு நீலம். காருக்குள் ஹீட்டர், வெள்ளைக்காரரின் கம்பளி. அம்புலன்ஸ்காரர் வந்து பார்த்து, ஆபத்தில்லை என்றார்கள். போகும்போது அவர்களில் ஒருத்தி மச்சாளின் தோளைத் தட்டினாள். மச்சாள் தலையை மட்டும் ஆட்டினார்.

நான் இன்னும் அழவில்லை.

மார்ச் 10, திங்கள்

வீடு திரும்பல். மழை. பாதித் தூரம் வந்தாயிற்று. பிறகு சுதன்:

"அக்கா, உனக்குத் தண்ணியெண்டாப் பயமெல்லே?"

"ஆர் சொன்னது?"

சுதன் என்னைத் திரும்பிப் பார்த்தார். மச்சாளே தொடர்ந்தார்.

"கிழமையிலை ரெண்டு நாள் காலமை பூலுக்குப் போறனான். கன வருசமா."

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா, போட்டிலை வந்தவள் நீந்துறாள் எண்டு அதையும் ஒரு கதையாக்குவியள். கடற்கரையிலை எல்லாரும் என்ர முகத்தைத்தான் பாப்பியள். எனக்கு நீந்த மட்டும்தான் வேணும்."

கோபமில்லை. ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி. சுதன் கவிழ்ந்ததைவிட இது எப்படி அதிர்ச்சியாகும் என்று தெரியவில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

வெயில். வேலையில் ஒன்றும் ஓடவில்லை. சுதனுக்கு இருமல், லீவு. துணி தோய்த்தது. பால் வாங்க மறந்தது.

மத்தியானம் மச்சாளின் போன். "சனிக்கிழமை பூலுக்கு வாறியே? நான் பழக்கிறன்."

ஓம் என்றேன்.

பின்னேரம் குளிக்கப் போனேன். ஷவரைத் திறந்துவிட்டு வெளியே நின்றேன். முகத்தைத் தண்ணீருக்குள் கொண்டுபோக முடியவில்லை.