தூரமானவங்களும் வரணும்

அன்புள்ள செங்கேணி அண்ணிக்கு,

நீ போய் ஒன்பது வருஷம் ஆச்சு. நான் அஞ்சாங்கிளாசோட நின்னவ. என் மூத்த பேத்தி ஆறாங்கிளாஸ் போயிட்டா. குப்பம் பூரா சொல்லிட்டுத் திரியறேன், நீ இருந்தா என் வாயைப் பொத்தியிருப்ப. இந்தக் கடிதத்தை நம்ம பொம்பளைங்க எல்லாரும் படிக்கட்டும்னு கூச்சம் விட்டு எழுதறேன்.

உனக்குத் தீட்டு நின்னு ரெண்டு வருஷம் கழிச்சு திரும்பவும் பட்டதே, நினைவிருக்கா? தூரமாயிட்டேன்னு வலையைத் தொடாம, படகுப் பக்கம் வராம ஒதுங்கி உக்காந்தே. மீன் காயப்போட்டுட்டிருந்த நாங்க சும்மா இருந்தோமா? "இன்னா அண்ணி, வயசு திரும்புதா? எங்க அண்ணன் பாடு கஷ்டம்தான்"னு முதல்ல வாயைத் திறந்தவ நான். நீயும் சிரிச்சே. மாசத்துல பத்து நாள் தூரம், அப்புறம் இருபது நாள். பட்டணத்துக்குக் கொண்டு போனப்போ கர்ப்பப்பை வாயில புற்றுநோய், முத்திப்போச்சுன்னாங்க. அந்தச் சிரிப்பை நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறது?

போன மாசம் ஒரு டாக்டரம்மா ஏரியில படகேறி நம்ம குப்பத்துக்கு வந்தாங்க. பள்ளிக்கூடத்துல மறைப்பு கட்டி, கர்ப்பப்பை வாயில லேசா வழிச்சு எடுத்து கண்ணாடித் துண்டுல தடவிப் பார்க்கிறாங்க. நோவு தலை காட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுமாம். முதல்ல போனவ நான்தான். வலி பெருசா இல்ல.

முந்தின நாளே நர்சம்மா வீடு வீடா வந்து, தூரமா இருக்கிறவங்க அடுத்த தடவை வாங்கன்னு சொல்லியிருந்தாங்க. ரத்தம் கலந்தா கண்ணாடியில சரியா தெரியாதாம். அவங்க சொன்னது மாசாமாசம் வர்றதை. உன் மக தேசம்மா வரலை. கேட்டா, தூரமாம். அந்த மாசத்துல அது மூணாவது தடவை, அண்ணி.

நேரா டாக்டரம்மாகிட்ட போனேன். "எங்க ஊர்ல எந்த ரத்தம் பட்டாலும் தூரம்தான்மா. நீங்க யாரைத் தேடி வந்தீங்களோ அவங்கல்லாம் வீட்டுல உக்காந்திருக்காங்க."

டாக்டரம்மா, அப்போ அவங்களைத்தான் முதல்ல பார்க்கணும், கூட்டிட்டு வாங்கன்னாங்க. நர்சம்மாவோட வாசல் வாசலா போய் நானே கேட்டேன்: தீட்டு நின்னவளுக்குப் பட்டுதா, நடுவுல பட்டுதா, புருஷன்கூட இருந்தா பட்டுதா? கடைசிக் கேள்விக்கு ஒருத்தி கதவைச் சாத்திட்டா. அவளே பின்வழியா வந்து வரிசையில நின்னா.

தேசம்மா மட்டும் நகரலை. "வழி பூரா வலை விரிச்சிருக்கு அத்தை. எப்படித் தாண்டுறது?"

"உங்கம்மாவும் தாண்டலை. பொழைச்சாளா?"

குனிஞ்சு வலையை ஓரமா இழுத்து வழி விட்டேன். அவ வந்தா.

டாக்டரம்மா நேரா பார்த்து, சோதனைக்குக் கொஞ்சம் சதை எடுத்து அனுப்பினாங்க. முந்தாநாள் முடிவு வந்தது. உனக்கு வந்த அதே நோவுதான், ஆனா ஆரம்பம்தானாம், இப்பவே வைத்தியம் பண்ணா சரியாயிடும்னு டாக்டரம்மா சொல்றாங்க. அவ சோறு தின்னாம அழறா. பட்டணத்துல யார் கூட இருப்பாங்கன்னு அவ புருஷன் கேட்கிறான்.

நான் இருப்பேன். வியாழக்கிழமை முதல் படகுல ஏரியைத் தாண்டி, பஸ் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். குணமாயிட்டான்னு டாக்டர் வாயால கேட்காம அவளைத் தனியா விட்டு வர மாட்டேன். இது உனக்கு நான் குடுக்கிற வாக்கு.

உன் நாத்தனார், தேசம்மாவோட அத்தை,
பாக்கியம்